ஹார்மோன் மாசு ப்ராஜெக்ட்டுக்கு எந்த மீன் எடுக்கறது? ஜீப்ராவா, மெடாகாவா, கப்பியா, ஜிலேபியா?

ப்ராஜெக்ட் சீசன் வந்தாலே இந்தக் கேள்வி வந்துரும். "அக்கா, தண்ணில கலக்கற ஹார்மோன் மாசு மீன் வளர்ச்சிய எப்படிக் கெடுக்குதுன்னு பண்ணப்போறேன், எந்த மீன் எடுக்கட்டும்?" கேக்கறவங்கள்ல பாதிப்பேர் ஜீப்ரா ஃபிஷ்னு முடிவு பண்ணிட்டுதான் வர்றாங்க, ஏன்னா கைடு சொல்லிட்டாரு, இல்லன்னா சீனியர் விட்டுட்டுப்போன டேங்க் சும்மா கெடக்குது. மீதிப்பேருக்கு நெஜமாவே குழப்பம். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் நோட் அனுப்பி எனக்கே அலுத்துப்போச்சு, அதனால மொத்தமா எழுதிடறேன்.

விஷயம் தெரியாதவங்களுக்கு சுருக்கமா. கருத்தடை மாத்திரைல இருக்கற எத்தினைல் எஸ்ட்ராடயோல், சலவைப் பொருள்ல இருந்து வர்ற நோனைல்ஃபீனால், ப்ளாஸ்டிக்ல இருந்து வர்ற பிஸ்ஃபீனால் ஏ, டிடிடி பூச்சிமருந்து சிதைஞ்சு வர்ற டிடிஇ, இதெல்லாம் மீன் உடம்புக்குள்ள போய் ஹார்மோன் மாதிரி நடிக்கும் இல்லன்னா ஹார்மோன் வேலைய மறிக்கும். ஆண் மீனோட கல்லீரல், முட்டைக்கான மஞ்சள்கரு புரதத்த, அதாவது வைட்டலோஜெனின, செய்ய ஆரம்பிச்சுரும். விந்தகத்துக்குள்ள முட்டை செல் முளைக்கும். அதுவும் குஞ்சா இருக்கறப்ப, விந்தகமா சூலகமான்னு உடம்பு முடிவு பண்ற அந்த சில வாரத்துல மாட்டிச்சுன்னா, அப்புறம் நல்ல தண்ணில விட்டாலும் பல சமயம் திரும்பாது.

அளவு எவ்ளோ சின்னதுன்னு ஒரு கணக்கு. கனடால ஆன்டாரியோ பக்கம் ஆராய்ச்சிக்குன்னே ஒதுக்கி வச்ச ஏரிகள் இருக்கு. அதுல 260ம் நம்பர் ஏரில கேரன் கிட்ங்கற ஆராய்ச்சியாளரோட குழு 2001ல இருந்து 2003 வரைக்கும் மூணு கோடைல எத்தினைல் எஸ்ட்ராடயோல் கலந்தாங்க, லிட்டருக்கு 5, 6 நானோகிராம்தான். ஒலிம்பிக் நீச்சல் குளம் 25 லட்சம் லிட்டர்னு வச்சுக்கிட்டா, அதுல 12, 15 மில்லிகிராம் போட்ட மாதிரி. அந்த ஏரில இருந்த ஃபேட்ஹெட் மின்னோ மீன் கூட்டம் கிட்டத்தட்ட அழிஞ்சே போச்சு, மருந்த நிறுத்தி சில வருஷம் கழிச்சுதான் மீண்டுச்சு. இந்த அளவு மேட்டர்ல உங்க மீன் தேர்வு தப்பாச்சுன்னா ஆறு மாசம் தண்டம்.

## எத வச்சு முடிவு பண்றது

என் வரிசை இதுதான், முக்கியமானது முதல்ல.

முதல் கேள்வி, அந்த மீன் பிறவில ஆணா பெண்ணான்னு ஜீன வச்சு சொல்ல முடியுமா? இத எல்லாரும் கடைசில யோசிக்கறாங்க. டேங்க்ல 70 பெண் 30 ஆண் வந்துச்சு, அதனால மருந்து 20 ஆண பெண்ணாக்கிருச்சுன்னு எழுதறாங்க. அந்த 20 பேர் ஆணாப் பொறந்தாங்கன்னு உங்களுக்கு யாருப்பா சொன்னா?

ரெண்டாவது, மாற்றம் வெளியில கண்ணுக்குத் தெரியுமா, இல்ல ஒவ்வொரு மீனையும் அறுத்து, மெழுகுல பதிச்சு, ஸ்லைடு போட்டாத்தான் தெரியுமா. மூணாவது, குஞ்சுல இருந்து பருவம் வர்றதுக்கு எத்தன மாசம், உங்க கையில எத்தன மாசம். நாலாவது, அந்த மீனுக்கு வைட்டலோஜெனின் அளக்கற கிட் விக்குதா. அஞ்சாவது, நம்மூர் வெயில்ல, நம்மூர் தண்ணில, கரண்ட் போனாலும் உயிரோட இருக்குமா. ஆறாவது, அந்த மீன் உண்மைலயே சாக்கடை கலக்கற தண்ணில வாழுதா, இல்ல லேப் கண்ணாடித் தொட்டில மட்டுமா.

ஆறுலயும் பாஸாகற மீன் இல்ல. தேடாதீங்க.

## ஜீப்ரா ஃபிஷ்

எல்லாருக்கும் செல்லப்பிள்ளை. கங்கை, பிரம்மபுத்திரா பக்கத்து மீன், 1822ல ஹாமில்டன் பேர் வச்சாரு, அப்புறம் அமெரிக்கா போய் ஓரிகன்ல ஸ்ட்ரைசிங்கர்ங்கற விஞ்ஞானி கையில பேமஸாகி இப்ப நமக்கே ஃபாரின் சரக்கு மாதிரி திரும்பி வந்துருச்சு. முட்டை கண்ணாடி மாதிரி, கரு வளர்றத மைக்ராஸ்கோப்ல நேராப் பாக்கலாம். மூணு மாசத்துல பருவம் வந்துரும், வருஷம் பூரா முட்டை போடும். ஓஇசிடிங்கற பன்னாட்டு அமைப்போட 96 மணி நேர கரு டெஸ்ட், அதான் 236ம் நம்பர், இதுக்குன்னே எழுதினது. வைட்டலோஜெனின் கிட் கிடைக்குது. படிக்கறதுக்குப் பேப்பர் கொட்டிக் கெடக்குது.

ஆனா முதல் கேள்விலயே ஃபெயில். லேப்ல வளக்கற ஏபி, ட்யூபிங்கன் மாதிரி ஸ்ட்ரெயின்ல, அதாவது லேப் வம்சத்துல, பாலினத்த முடிவு பண்ற குரோமோசோம் பகுதி தொலைஞ்சே போச்சு, காட்டு ஜீப்ராவுல அது நாலாவது குரோமோசோம்ல இருக்குன்னு 2014ல வெளிய வந்துச்சு. லேப் மீன்ல எல்லாக் குஞ்சும் முதல்ல சூலகம் மாதிரி ஒண்ண வளக்கும், அப்புறம் சுமார் 20 நாள்ல இருந்து 60 நாளுக்குள்ள சிலது அத விந்தகமா மாத்திக்கும். எது மாத்தும்ங்கறது பல ஜீன், தீனி, நெரிசல், சூடு எல்லாம் சேர்ந்து முடிவு பண்றது. நெரிசல் அதிகம்னா ஆண் கூடும், சூடு ஏறினாலும் ஆண் கூடும்.

இத நான் பட்டுத்தான் தெரிஞ்சுகிட்டேன். என் முதல் பேட்ச்ல, மருந்தே போடாத கண்ட்ரோல் டேங்க்ல நாலுல மூணு ஆண். இடம் பத்தலன்னு குஞ்சுங்கள நெருக்கி வச்சிருந்தோம், மே மாசம், ராத்திரி ஏசி ஆஃப் பண்ணிட்டுப் போயிருவாங்க. பெண்ணாக்கற மருந்து டேங்க்ல பாதிக்குப் பாதி வந்தப்ப மருந்து வேலை செஞ்சுச்சா, இல்ல அந்த டேங்க்ல இடம் கொஞ்சம் தாராளமா இருந்துச்சான்னு எனக்கு இன்னிவரைக்கும் தெரியாது. மொத்த பேட்ச்சையும் தூக்கிப் போட்டேன்.

இன்னொண்ணு, கடைல வாங்கற மீன். சென்னை கொளத்தூர் மீன் சந்தைல போய் டஜன் கணக்குல வாங்கிட்டு வந்து நேரா டோஸ் போடறவங்க இருக்காங்க. அலங்கார மீன் வியாபாரத்துல கலர் ஏத்தறதுக்கு ஆண் ஹார்மோன் குடுக்கற பழக்கம் உண்டு, நீங்க வாங்கற மீனுக்குக் குடுத்தாங்களா இல்லையான்னு பாத்து சொல்ல முடியாது. வயசு தெரியாது. நரம்புலயும் சூலகத்துலயும் ஒளிஞ்சிருக்கற நுண்ணுயிர் நோய் வேற உண்டு. கடை மீன தாய்மீனா மட்டும் வச்சுகிட்டு, அது போடற முட்டைல இருந்து வர்ற குஞ்சுலதான் சோதனை. இதுல பேரமே கிடையாது.

ஜீப்ரா எங்க ஜெயிக்கும்னா, கரு வளர்ச்சி, தைராய்டு, மூளைல ஆண் ஹார்மோன பெண் ஹார்மோனா மாத்தற அரோமடேஸ் ஜீன், இந்த மாதிரி முதல் வாரக் கேள்விகளுக்கு. தலைமுறை தாண்டிப் பாக்கறதுக்கும் நல்லது. 2004ல இங்கிலாந்துல பண்ணின வேலைல, வாழ்நாள் பூரா லிட்டருக்கு 5 நானோகிராம் எத்தினைல் எஸ்ட்ராடயோல்ல வளந்த அடுத்த தலைமுறை முட்டை போட்டுச்சு, ஒண்ணுகூட கருவாகல. அந்த ஆண்களுக்கு ஒழுங்கான விந்தகமே இல்ல, ஆனா பெண்ணத் துரத்தறது, நல்ல ஆணோட போட்டி போடறது எல்லாம் ஜோரா நடந்துச்சு. பலனில்லாத ஆம்பள போட்டிக்கு மட்டும் வந்து நல்லவன் வாய்ப்பையும் கெடுக்கறான், இந்த மாதிரி கூத்தெல்லாம் ஸ்லைடுல தெரியாது, கூட்டமா வச்சுப் பாத்தாத்தான் தெரியும்.

## மெடாகா

ஜப்பான் வயல் மீன், கட்டை விரல் நீளம்கூட இருக்காது. பாலினம் மாறுதாங்கறதுதான் உங்க கேள்வின்னா நான் கண்ண மூடிகிட்டு கைகாட்டறது இதத்தான். மனுஷன் மாதிரியே ஆணுக்கு எக்ஸ் ஒய், பெண்ணுக்கு எக்ஸ் எக்ஸ். ஒய்ல இருக்கற டிஎம்ஒய் ஜீன 2002ல கண்டுபுடிச்சாங்க, பாலூட்டிங்களுக்கு வெளிய ஒரு முதுகெலும்பு விலங்குல இப்படி ஒரு ஜீன் கிடைச்சது அதுதான் முதல் தடவ. துடுப்புல துளி வெட்டி பிசிஆர், அதாவது ஜீன பிரதி எடுத்துப் பாக்கற டெஸ்ட், போட்டா ஒரு நாள்ல தெரிஞ்சுரும். ஜீன் ஆண்னு சொல்லுது, வயித்துல சூலகம் இருக்குதுன்னா முடிஞ்சுது கதை, யாரும் எதிர்த்து வாதாட முடியாது. 1953லயே யமமோட்டோன்னு ஒரு ஜப்பான் விஞ்ஞானி பெண் ஹார்மோன் குடுத்து ஆண் மெடாகாவ முட்டை போட வச்சாரு, பிசிஆர் எல்லாம் இல்லாத காலத்துல. டி-ஆர்ஆர்னு ஒரு ஸ்ட்ரெயின்ல ஆண் ஆரஞ்சு, பெண் வெள்ளை, ஏன்னா கலர் ஜீனே ஒய்ல ஒட்டிகிட்டு இருக்கு. வெள்ளை மீன் பண்ணவேண்டிய வேலைய, அதாவது முட்டை போடறத, ஆரஞ்சு மீன் பண்ணுச்சுன்னா கண்ணாலயே தெரியும்.

வெளி அடையாளமும் உண்டு. ஆணுக்கு முதுகுத் துடுப்புல ஒரு வெட்டு, குதத் துடுப்பு நீளம், அதுல சின்னச் சின்ன முள்ளு மாதிரி முளை. பெண் தினமும் காலைல முட்டைக் கொத்த வயித்துல தொங்கவிட்டுகிட்டு திரியும், எண்ணிக்கலாம்.

கஷ்டம் எங்கன்னா கிடைக்கறதுல. ஜப்பான்ல ஒகாசாகில தேசிய மெடாகா சேமிப்பு இருக்கு, ஸ்ட்ரெயின் அனுப்புவாங்க, ஆனா இந்தியாவுக்குள்ள உயிர் மீன் கொண்டுவர அனுமதி, தனிமைப்படுத்தல்னு எம்எஸ்சி மாணவருக்கு அது ப்ராஜெக்ட் முடிஞ்ச பிறகுதான் வந்து சேரும். இப்ப ஹாபி பண்றவங்க கிட்ட கலர் மெடாகா கிடைக்குது, ஆனா அதுல டிஎம்ஒய் ஒழுங்கா வேலை செய்யுதான்னு உங்க பேட்ச்ல நீங்களே முதல்ல சோதிச்சுக்கணும். அப்புறம் சூடு. 25, 26 டிகிரில சந்தோஷமா இருக்கும், 32, 33ல குஞ்சு வளந்தா எக்ஸ் எக்ஸ் மீனே ஆணா மாறிடும். ஆக நம்மூர்ல ஏசி ரூம் இல்லாம மெடாகா வேண்டாம். ஆனா ஒரு வித்தியாசத்த கவனிங்க. ஜீப்ராவுல சூடு பண்ணின வேலை உங்களுக்குத் தெரியாமலே போயிரும், மெடாகாவுல எக்ஸ் எக்ஸ் ஆண்னு பிசிஆர்ல மாட்டிக்கும்.

நம்ம கிழக்குக் கடற்கரை முகத்துவாரங்கள்லயும் மெடாகாவோட ஒண்ணுவிட்ட சொந்தங்கள் இருக்கு, உவர்நீர்ல வாழறது. ஒரு வகைய ஹாங்காங் பக்கம் கடல் மாசு ஆராய்ச்சிக்கு நிறைய யூஸ் பண்றாங்க. பிஎச்டி பண்ற யாராவது அத எடுத்தா நல்லாருக்கும்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு ஆச.

## கப்பியும் கம்பூசியாவும்

கொசு புழு தின்னட்டும்னு சாக்கடைல விட்ட மீனுங்க. கம்பூசியா 1928ல இத்தாலில இருந்து இந்தியாவுக்கு வந்துச்சு, கப்பி அதுக்கும் முன்னாடியே. இப்ப உங்க வீட்டுப் பின்னாடி கால்வாய்லயே இருக்கும். இதுதான் இதோட பலம், மாசுத் தண்ணிலயே பொறந்து மாசுத் தண்ணிலயே சாகற மீன்.

ரெண்டுமே குட்டி போடற ஜாதி. ஆணோட குதத் துடுப்பு நீண்டு ஒரு குழல் மாதிரி ஆயிருக்கும், அதான் அதோட உறுப்பு. அது வளர்றது ஆண் ஹார்மோன் கைல. அதனால பெண் மீனுக்கு அது முளைச்சுச்சுன்னா தண்ணில ஆண் ஹார்மோன் மாதிரி ஏதோ இருக்குன்னு அர்த்தம். 1980ல ஃப்ளோரிடால காகித ஆலைக் கழிவு போற ஓடைல கம்பூசியா பெண்களுக்கு இப்படித்தான் ஆண் துடுப்பு முளைச்சதக் கண்டாங்க. இத அளக்க என்ன வேணும்? ஒரு மைக்ராஸ்கோப்பு, ஒரு ஸ்கேல். நாலாவது துடுப்புக்கதிர் நீளத்த ஆறாவது கதிர் நீளத்தால வகுக்கணும், அவ்ளோதான். காசில்லாத காலேஜுக்கு இத விட்டா வேற வழி இல்ல.

கப்பில கூடுதலா கலர் வேற. ஆணோட கலர் ஜீன் நிறைய ஒய்ல இருக்கு, ஆண் ஹார்மோன்தான் அத வெளிய காட்டுது. ஆண் ஹார்மோன மறிக்கற மருந்து, உதாரணத்துக்கு வின்க்ளோசோலின் பூஞ்சைக்கொல்லி இல்லன்னா டிடிஇ, பட்டா கலர் மங்கும், விந்து எண்ணிக்கை குறையும், பெண்ணக் கவர ஆடற ஆட்டமும் குறையும்னு டென்மார்க்ல காட்டினாங்க.

மைனஸ்? குட்டி தாய் வயித்துக்குள்ள வளர்றதால கருவுக்கு நேரா டோஸ் குடுக்க முடியாது, தாய் உடம்பு நடுவுல நிக்குது. ஒரு ஈத்துல சில டஜன் குட்டிதான். பெண் விந்த மாசக்கணக்குல சேமிச்சு வச்சுக்கும், அதனால கால்வாய்ல புடிச்ச பெண் தனியா வச்சாலும் குட்டி போட்டுகிட்டே இருக்கும், அப்பன் யாருன்னே தெரியாது. பெண்ணாக்கற மாசு பாக்கறதுக்கு இது ரொம்ப சுமாரான மீன், முட்டை புரதம் அளக்க ரெடிமேட் கிட்டும் தேட வேண்டிவரும். அப்புறம் முக்கியமா, கம்பூசியா நம்மூர் மீன் குஞ்சையும் தவளை முட்டையையும் காலி பண்ற ராட்சசன், ப்ராஜெக்ட் முடிஞ்சதும் பாவம்னு குளத்துல விட்டுராதீங்க.

## ஜிலேபி

1952ல வந்து இறங்கின ஆப்பிரிக்க மீன், இப்ப கூவம் அடையாறுன்னு எந்தச் சாக்கடைலயும் உயிரோட இருக்கும். பெருசு, ஒரு மீன்ல இருந்து மில்லி கணக்குல ரத்தம் எடுக்கலாம், ஜீப்ராவுல சில மைக்ரோலிட்டருக்கு அழறவங்களுக்கு இது சொர்க்கம். குஞ்சு பாலின முடிவு எப்பங்கறது அச்சு மாதிரி தெரியும், ஏன்னா பண்ணைக்காரங்க கிலோ தீனிக்கு 60 மில்லிகிராம் மீத்தைல் டெஸ்டோஸ்டிரோன் கலந்து மூணு நாலு வாரம் குடுத்துதான் எல்லாத்தையும் ஆணாக்கறாங்க. அதுலயும் ஓவர் டோஸ் ஆச்சுன்னா உடம்பு அந்த மருந்தையே பெண் ஹார்மோனா மாத்தி ரிசல்ட் தலைகீழாப் போகும்.

இங்கதான் ஒரு பெரிய குழி. "மோனோசெக்ஸ் குஞ்சு"ன்னு விக்கறத வாங்கி ஹார்மோன் ப்ராஜெக்ட் பண்ணவங்கள எனக்குத் தெரியும். ஏற்கனவே ஹார்மோன் தின்ன குஞ்சுக்கு நீங்க ஹார்மோன் பாக்கறீங்க. சிரிக்காதீங்க, வாங்கறப்ப கேட்டு வாங்குங்க.

இன்னொரு குறை, இது ரொம்பத் தாங்கற மீன். ஜிலேபிக்கு ஒண்ணும் ஆகலன்னா தண்ணி நல்ல தண்ணின்னு அர்த்தம் ஆகாது.

## ஃபேட்ஹெட் மின்னோ, ஸ்டிக்கில்பேக்

பேப்பர்ல படிச்சுட்டு ஆசப்படறவங்களுக்காக மட்டும். முதல்து வட அமெரிக்கா மீன், ஆணுக்கு மூஞ்சில பரு மாதிரி முளைக்கும், மாட்டுக்குக் குடுக்கற ட்ரென்போலோன்ங்கற ஆண் ஹார்மோன் மருந்து பட்டா பெண்ணுக்கும் முளைக்கும். ரெண்டாவது குளிர்நாட்டு மீன், ஆண் கூடு கட்ட சிறுநீரகத்துல ஸ்பிகின்னு ஒரு பசை சுரக்கும், அத அளந்தா ஆண் ஹார்மோன் அளவு தெரிஞ்சுரும், அருமையான மீன். ரெண்டும் நம்மூருக்கு வேண்டாம்.

## ஒரே பார்வைல

| | ஜீப்ரா | மெடாகா | கப்பி, கம்பூசியா | ஜிலேபி |
|---|---|---|---|---|
| ஜீன்ல பாலினம் தெரியுமா | லேப் மீன்ல தெரியாது | நல்லாத் தெரியும் | உடனே சொல்ற ஈஸியான டெஸ்ட் இல்ல | சொல்லலாம், ஆனா கலப்பினம்னா சந்தேகம் |
| வெளி அடையாளம் | சுமார் | தெளிவு | ரொம்பத் தெளிவு | பெருசானா தெரியும் |
| பருவத்துக்கு | 3 மாசம் | 2, 3 மாசம் | 2, 3 மாசம் | 3 மாசத்துக்கு மேல |
| கருவுக்கு நேர் டோஸ் | ஈஸி | முடியும், முட்டை ஓடு கெட்டி | முடியாது | வாயில அடைகாக்கும், சிரமம் |
| நம்மூர் வெயில் | பரவால்ல | ஏசி வேணும் | கவலையே இல்ல | கவலையே இல்ல |
| சாக்கடைல வாழுமா | இல்ல | இல்ல | வாழும் | வாழும் |

## யாரும் சொல்லாத செலவு

மீன் விலை ஒண்ணுமே இல்லங்க. காசும் நேரமும் போறது வேற இடத்துல.

டேங்க். பாலிகார்பனேட் தொட்டில பிஸ்ஃபீனால் ஏ ப்ராஜெக்ட் பண்ணினா தொட்டியே மருந்து விடும். கண்ணாடி வாங்குங்க. ட்யூபும் பாத்து வாங்குங்க.

தீனி. பாக்கெட் தீனில சோயா இருக்கும், சோயாவுல ஜெனிஸ்டீன் மாதிரி தாவர ஈஸ்ட்ரோஜன் இருக்கும். எல்லா டேங்க்குக்கும் ஒரே பேட்ச் தீனி, முடிஞ்சா ஆர்டீமியா, அதான் உப்புத்தண்ணி இறால் குஞ்சு.

கரைக்கற திரவம். மருந்து தண்ணில கரையாதுன்னு எத்தனால் இல்லன்னா டிஎம்எஸ்ஓல கரைச்சு விடுவோம். லிட்டருக்கு 0.1 மில்லிக்கு மேல போகக்கூடாது, அந்தத் திரவத்த மட்டும் விட்ட தனி கண்ட்ரோல் வேணும். ஆக ரெண்டு கண்ட்ரோல், டேங்க் எண்ணிக்கை கூடும். இதோட பெரிய வில்லங்கம் என்னன்னா, கணக்குல ஒரு மீன் ஒரு எண் கிடையாது, ஒரு டேங்க்தான் ஒரு எண். ஒரு டேங்க்ல 40 மீன் வச்சுட்டு எண்ணிக்கை நாப்பதுன்னு எழுதினா வைவால நல்ல ஆள் கைல மாட்டுவீங்க. ஒரு டோஸுக்கு குறைஞ்சது மூணு நாலு டேங்க்.

டோஸ். லிட்டருக்கு மில்லிகிராம் கணக்குல பிஸ்ஃபீனால் போட்டு மீன் செத்துச்சுன்னா அது விஷம், ஹார்மோன் கதை இல்ல. ஆத்துத் தண்ணில இருக்கற அளவுக்கு வாங்க. அப்படி வந்தா இன்னொரு செலவு, ஏன்னா நானோகிராம் அளவு மருந்து கண்ணாடில ஒட்டும், தீனில ஒட்டும், நீங்க போட்டது வேற தண்ணில இருக்கறது வேற. அத அளக்க எல்சி-எம்எஸ்னு துளி அளவையும் பிரிச்சு அளக்கற மிஷின் வேணும், சாம்பிளுக்கு இவ்ளோன்னு வெளிய குடுக்கணும். பட்ஜெட்ல இத முதல் வரில எழுதுங்க.

கழிவுத்தண்ணி. ஹார்மோன் மாசு பத்தி தீஸிஸ் எழுதிட்டு டோஸ் தண்ணிய சிங்க்ல ஊத்தற லேப் எத்தன பாத்துட்டேன். ஆக்டிவேட்டட் கார்பன் வழியா விட்டு அப்புறம் ஊத்துங்க. அப்புறம் விலங்கு நெறிமுறைக் கமிட்டி அனுமதி, டோஸ் போட்ட பிறகு இல்ல, முன்னாடி.

## அப்ப யாருக்கு எது

நாலு மாசம்தான் கையில, காசு கம்மி, ஏசி இல்லன்னா கப்பி. ஒரு ஆண் ஹார்மோன் மறிக்கற பூச்சிமருந்து, கலரும் துடுப்பும், முடிச்சுக்கலாம். கரு வளர்ச்சியோ ஜீன் வேலையோ பண்றீங்க, லேப்ல ஏற்கனவே ஜீப்ரா சிஸ்டம் ஓடுதுன்னா ஜீப்ரா, ஆனா பாலின விகிதத்த முக்கிய முடிவா வச்சுக்காதீங்க. பாலினம் மாறுதான்னு சந்தேகமில்லாம சொல்லணும், ரெண்டு மூணு வருஷம் இருக்குன்னா மெடாகா, காத்திருந்து வாங்குங்க. ரத்தம், கல்லீரல், புரதம்னு உயிர்வேதியியல் பக்கம்னா ஜிலேபி.

போன மாசம் திருப்பூர் பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி கேட்டா, நொய்யல்ல பண்ணணுமாம். துணி ஆலை சலவைப்பொருள்ல நோனைல்ஃபீனால் வகை உண்டு, ஐரோப்பால இதுக்குக் கட்டுப்பாடே இருக்கு, அதனால கேள்வி சரியான கேள்விதான். அவ ஆத்துல இருக்கற கம்பூசியாவையே மேல ஊர்லயும் கீழ ஊர்லயும் புடிச்சு ஒப்பிடப்போறேன்னா. ஆனா நோனைல்ஃபீனால் பெண் ஹார்மோன் வேஷம், கம்பூசியா துடுப்பு ஆண் ஹார்மோனத்தான் காட்டும், கேள்வியும் மீனும் பொருந்தல. இங்கிலாந்துல சாக்கடைத் தண்ணி வெளிய வர்ற எடத்துல ஆண் ட்ரவுட் மீன கூண்டுல வச்சு, ரத்தத்துல முட்டை புரதம் ஏறுதான்னு பாத்து 1994ல பேப்பர் போட்டாங்க. அதே வழில ஹார்மோன் திங்காத ஆண் ஜிலேபிய கூண்டுல மூணு வாரம் வைன்னு சொன்னேன், மேல ஒரு கூண்டு செட், கீழ ஒரு கூண்டு செட், காலேஜ் தொட்டில ஒரு செட். கூண்டுக்குப் பூட்டு போடச் சொன்னேன், இல்லன்னா ரெண்டாவது நாளே யாராவது குழம்பு வச்சுருவாங்க.